வரவர

மேடன் வார்ஃபில் கிரேன்களுக்கு மின்சாரம் பார்ப்பது
பகல் வேலை.
ராத்திரி அம்பிலோவில் ஒரு கராஜ்,
கதவில் இன்னும் டயர் கம்பெனி விளம்பரம்.
உள்ளே செரோஷா படையாச்சியின் குரல்,
ஸ்போங்கிசேனியின் டிரம்,
விசிறி கரகரக்கும் என் லேப்டாப்.

என் பங்கு வெட்டுவது.
அவள் பாடப் பாட, வாயின் சூடு ஆறுமுன்
பதினாறு துண்டு.
மீன்காரி முள்ளைத் தடவிப் பார்ப்பதுபோல
மென்பொருள் மூச்சைத் தடவுகிறது.
சத்தம் சட்டென்று எழும்பும் இடத்தில்
ஒரு கோடு.
பிறகு ஏழாவதை முதலில் வை,
மூன்றாவதைப் பின்பக்கமாக ஓட்டு,
பன்னிரண்டைத் திக்கவிடு.
"நான் பாடாததை எல்லாம் பாடுகிறேனே"
என்று செரோஷா சிரிப்பாள்.

ஆர்பெஜியேட்டர் வேறு ரகம்.
மூன்று விரலில் மூன்று சுரத்தை ஒருசேர அழுத்தினால்
முட்டிமோதாமல் ஒவ்வொன்றாக அனுப்பும்.
விசா நீட்டிக்கப் போன அன்று
விடிகாலை ஐந்து மணிக்கு
நாங்கள் நின்ற வரிசை மாதிரி.
என்ன, இங்கே கவுன்ட்டர் மூடுவதில்லை.
கடைசி ஆள் போய்
திரும்ப முதல் ஆளாக நிற்பான்.

வெள்ளிக்கிழமை. ஆட்கள் வருமுன் மைக் சோதனை.
தூத்துக்குடியிலிருந்து அண்ணன்.
"மார்ச்சோட ஒப்பந்தம் முடியுதுல்லா,
டிக்கெட் போட்டுரவா?
பொண்ணு வீட்ல கேக்காவ.
என்னல, பேச்சக் காணும்?
வரவர நீ ஆளே மாறிட்ட."

ஒயரைச் சுற்றிக்கொண்டே
"வரமாட்டேன்" என்றேன்.
கத்தவில்லை.
மைக் திறந்திருந்தது. பச்சை விளக்கை
நான் பார்க்கவில்லை.

இந்த மென்பொருளுக்கு ஞாபகம்
நாலு தாளச் சுற்று, அவ்வளவுதான்.
அதற்குமேல் பழையதன்மீதே எழுதிப்போகும்.
பிடித்துவைக்கிற பெடலை மிதித்தால் மட்டும் மறக்காது.
பெடல்மேல் என் ஸ்பானர் பை கிடந்தது.

பத்து மணி. கரண்ட் போய் ஜெனரேட்டர் உறுமுகிறது.
நூறு பேர் இருப்பார்கள், வியர்வையும் மாஸ்க்கரா மையும்.
மூன்றாவது பாட்டில் அவள் குரலை வெட்டத் திறக்கிறேன்.
வந்தது அவள் இல்லை.

வர
வர
மா
வர மா
ட்
வர வர வர

நான்தான்.
நம் மொழியில் மறுப்பு வாலில் இருக்கிறது.
வாலை நான் முணுமுணுத்திருக்கிறேன்.
சத்தம் போதாது என்று
மென்பொருள் அதை எண்ணவே இல்லை.

செரோஷாவின் புருவம் ஏறியது,
ஆனாலும் அதன்மேல் ஒரு நீண்ட 'ஆ' போட்டாள்.
முன்வரிசைப் பையன் ஒருவன்
'வர'வுக்கு 'வர' குதிகாலால் தரையை இடிக்கிறான்.
எட்டிக் கேட்டான் ஸ்போங்கிசேனி:
என்ன அர்த்தம் அதற்கு?
அவன் காதுக்குள் பாதியைச் சொன்னேன்:
வா என்கிற மாதிரி.

"வோசா!" என்றான் தன் மைக்கில்.
அவன் வீட்டு 'வா' அது.
வோசா, என்றது கூட்டம்.
வர
வோசா
வர வர

பெடலிலிருந்து பையைக் காலால் தள்ளினால்
நாலு சுற்றில் அழிந்துவிடும்.
காலை வைத்தேன்.
பிறகு ஏனோ
மூன்று சுரத்தை அழுத்தி அதை ஏணியில் ஏற்றினேன்.
என் குரல் எனக்கு எட்டாத சுருதியில்
வர வர வர என்று
கூரைத் தகரம்வரை போய் இறங்கியது.

பாக்கெட்டில் போன் அதிர்கிறது,
தாளத்துக்குச் சற்றே பிந்தி.
பதினொரு மில்லி செகண்ட் தாமதமென்றால்
செட்டிங்ஸில் சரிசெய்துவிடுவேன்.
அங்கே மணி ஒன்றரை.
அவன் இன்னும் தூங்கவில்லை.